கால்ல இடிச்சா வலி ஏன் ரெண்டு தடவை வருது?

மதுரைக்காரி:
நேத்து ராத்திரி வாசப்படில சுண்டுவிரல நல்லா இடிச்சுக்கிட்டேன். இடிச்சது உடனே தெரிஞ்சுச்சு, சுரீர்னு ஒண்ணு வந்துச்சு, ஒரு மூச்சு விட்டு முடிக்கிற நேரம் கழிச்சுத்தான் அந்த உயிர் போற கடுப்பு வந்துச்சு. பதினொன்னாவது படிக்கிற என் பொண்ணு, நரம்புல கரண்டுதானேம்மா போகுது, அப்ப எல்லாம் ஒண்ணா வந்து சேரணும்லனு கேக்குறா. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

லேப்வாசி:
நல்ல கேள்வி அக்கா. ஒயர்ல ஓடுற கரண்டு மாதிரி நரம்புல எதுவும் இந்த முனைல இருந்து அந்த முனைக்கு ஓடல. நரம்பு செல்லுக்கு வெளிய சோடியம் அதிகம், உள்ள பொட்டாசியம் அதிகம், சும்மா இருக்கப்ப உள்பக்கம் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட்ல இருக்கும். இடிபட்டு அது மைனஸ் 55 பக்கம் ஏறிட்டா செல் சுவர்ல சோடியத்துக்குன்னு இருக்கிற கதவு, அதான் சோடியம் சேனல், எல்லாம் படபடன்னு திறந்துக்கும், சோடியம் உள்ள பாஞ்சு பிளஸ் 30 வரைக்கும் எகிறும், அப்புறம் அந்தக் கதவு அடைச்சுக்கும், பொட்டாசியம் வெளிய போயி பழைய நிலைக்கு வந்துரும். எல்லாம் ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்டுல. உள்ள வந்த சோடியம் பக்கத்து இடத்தையும் தூண்டி விட்டுரும், அங்கயும் இதே. சரவெடிய நினைச்சுக்கோங்க, முதல் வெடி நகர்றதில்ல, அடுத்ததப் பத்த வைக்குது, கடைசி வெடியும் அதே சத்தத்துல வெடிக்கும். வெடிச்ச இடம் உடனே மறுபடி வெடிக்காது, அதான் சிக்னல் பின்னால திரும்பாது.

இப்ப உங்க விரல். தொடு உணர்ச்சி போற நரம்பு நார் தடிமன், மேல மயலின்ங்கிற கொழுப்பு உறை, நடுநடுவுல உள்ள இடைவெளில மட்டும் வெடிச்சுத் தாவித் தாவிப் போகும், செகண்டுக்கு 50 மீட்டர் கூட. சுரீர் வலிக்கு உறை மெல்லிசு, 5ல இருந்து 30 மீட்டர். கடுப்பு வலி உறையே இல்லாத சி நார்ல வருது, செகண்டுக்கு ஏறக்குறைய 1 மீட்டர், நாம நடக்கிற வேகம்கூட இல்ல. விரல்ல இருந்து முதுகுத்தண்டுக்கு 1 மீட்டர் வச்சுக்கோங்க, அந்த ஒரு மூச்சு நேரம் வந்துருச்சா?

கடல்காத்து:
இத முதல்ல உள்ள இருந்தே அளந்து பாத்தது கணவாய் மீன்லதான். அதோட பெரிய நரம்பு நார் அரை மில்லிமீட்டருக்கு மேல தடிமன், கண்ணுக்கே தெரியும். 1939ல இங்கிலாந்து பிளிமத்துல ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லின்னு ரெண்டு விஞ்ஞானிங்க அதுக்குள்ள மெல்லிய எலக்ட்ரோடு விட்டுப் பாத்தா, பூஜ்யத்துல நிக்கும்னு நினைச்ச வோல்டேஜ் தாண்டி பிளஸ்க்குப் போயிருச்சு! 1963ல நோபல். இன்னொண்ணு, பொண்ணுகிட்ட சொல்லுங்க, சோடியம் பொட்டாசியம் பம்ப்தான் ஒவ்வொரு சிக்னலையும் உண்டாக்குதுன்னு பரீட்சைல எழுதிற வேணாம். ஒரு வெடிக்கு உள்ள வர்ற சோடியம் ரொம்பக் கொஞ்சம். 3 சோடியத்த வெளிய தள்ளி 2 பொட்டாசியத்த உள்ள இழுக்கிற அந்த பம்ப், சரக்கு குறையாம நிரப்பி வைக்குது, அவ்வளவுதான்.

குன்றத்தூரான்:
பல்லு புடுங்குறப்ப மரத்துப்போகப் போடுற லிக்னோகைன் ஊசியும் அந்த சோடியம் சேனலத்தான் அடைக்குது. கடவாப்பல் எடுத்தப்ப எனக்கு வலி துளிகூட இல்ல, ஆனா டாக்டர் குறடால ஆட்டி ஆட்டி அமுக்குறது தாடை வரைக்கும் தெரிஞ்சுச்சு. மெல்லிசான வலி நார் சீக்கிரம் அடங்கிரும், தடிச்ச நார் லேசுல அடங்காது.

மதுரைக்காரி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அப்ப கன்னத்துல கிள்ளினா இந்த இடைவெளி தெரியாதான்னு பொண்ணு கேக்குறா.

லேப்வாசி:
தெரியாது அக்கா, மூளைக்குத் தூரம் ரொம்பக் கம்மி, ரெண்டும் ஒட்டி வந்துரும். கால் விரல்லதான் நல்லா பிரிஞ்சு தெரியும்.