மல்லிக்கடை வாசத்துக்குச் சொல் வேண்டும்

வணக்கம். புலன்களை மானுடவியல் கண்ணோட்டத்தில் படிக்கும் எம்.ஏ. மாணவர்கள் நாங்கள். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலும் மாசி வீதிகளிலும் வாசனை, ஓசைக் குறிப்பெடுக்கப் போகிறோம். சங்க நூலான 'மதுரைக்காஞ்சி'யின் நாளங்காடி (பகல் சந்தை), அல்லங்காடி (அந்தி, இரவுச் சந்தை) போல ஒரே இடத்துக்குக் காலையிலும் அந்தியிலும் போவது திட்டம். மல்லி மொட்டு அந்தியில்தான் விரியும். காலைக் குறிப்பை மட்டும் நம்பினால் பாதி வாசம் தவறிவிடும்.

மூக்கு சில நிமிடத்தில் பழகிவிடும், அதனால் முதல் நிமிடத்திலேயே எழுதிவிட வேண்டும். அன்று சென்ட், வாசனை எண்ணெய் கூடாது. ஓசைக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (சுருக்காத ஒலிக்கோப்பு). ஒலி சிதையாமலிருக்க, ரெக்கார்டர் அளவுகோலில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல். போன் ரெக்கார்டர் சரிப்படாது, பெரும்பாலும் தானாகவே சத்தத்தை ஏற்றி இறக்கும். ஏலக் கூச்சலும் முணுமுணுப்பும் ஒரே அளவாகிவிடும்.

பெரிய சிக்கல் சொல்தான். 'நல்ல வாசனை' என்பது தீர்ப்பு, விவரணை இல்லை. (பழந்தமிழில் 'நாற்றம்' நறுமணத்துக்கும் பெயர்!) கவிச்சி, முடை, நெடி, மொச்சை என்ற வாசச் சொற்கள் தவிர, பூக்கட்டுபவர்களும் வியாபாரிகளும் வாடிய பூ, ஈரச்சாக்கு, பூக்கட்டும் நார் இவற்றின் வாசத்துக்கு என்ன சொல்வார்கள்? உங்கள் வீட்டு வழக்கை ஊர்ப்பெயரோடு எழுதுங்கள். மைக்குக்குக் காற்றுத்தடுப்பு உறை இரண்டு நாள் இரவல் கிடைக்குமா?