பால் கொடுக்கும்போது அந்தரங்க இடத்தில் கட்டி, என்ன செய்வது?

தண்டையார்பேட்டைப் பொண்ணு:
அக்கா, குழந்தைக்கு மூன்று மாதம், தாய்ப்பால்தான். நான்கு நாளாகப் பிறப்புறுப்பின் வெளி உதட்டில் சுண்டைக்காய் அளவு கட்டி, சிவந்து போய், உட்கார்ந்து பால் கொடுக்கவே முடியவில்லை, ஒருக்களித்துப் படுத்துதான் கொடுக்கிறேன். மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடச் சொல்கிறார். மாத்திரை போட்டால் பாலில் இறங்குமா?

காசிமேட்டு அக்கா:
சுண்ணாம்பு மட்டும் வேண்டாம்மா, அந்தத் தோல் வெந்துவிடும். அகல டப்பில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி 10, 15 நிமிடம் உட்கார், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. எனக்கு மூன்றாம் நாள் தானாக உடைந்து சீழ் வந்தது, அப்புறம்தான் உயிரே வந்தது. பிதுக்காதே. தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்கு.

நர்ஸம்மா:
பாராசிட்டமால், ஐபுபுரூஃபென் இரண்டுமே பால் கொடுக்கும்போது எடுக்கலாம், பாலில் போவது மிகக் குறைவு. ஆன்டிபயாடிக் தேவைப்பட்டாலும் செஃபலெக்சின் மாதிரி ஒத்துப்போகிறவை உண்டு, ஆனால் மெடிக்கலில் நீயாகக் கேட்டு வாங்காதே. பாலையும் நிறுத்தாதே. கட்டி யோனி வாயை ஒட்டிக் கீழ்ப்பக்கம் இருந்தால் அங்கே ஈரம் சுரக்கும் பார்தோலின் சுரப்பி அடைத்து வீங்கியதாக இருக்கலாம், அதைக் கீறிச் சீழ் எடுக்க வேண்டி வரலாம். காய்ச்சல் வந்தாலோ சிவப்பு பரவினாலோ காத்திருக்காமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரிக்கோ போ. திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையும் பார்.

தண்டையார்பேட்டைப் பொண்ணு:
சரிக்கா, காய்ச்சல் இல்லை. டப்பு வாங்க ஆள் அனுப்பிவிட்டேன், மாமியாரிடம் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது என்று சொல்லியாயிற்று.