வீட்டுப்பூனையை வெளியே விடலாமா? கான்பராவின் அடைப்பு விதி குறித்து ஒரு விவாதம்

செங்கால்நாரை

ஆஸ்திரேலியத் தலைநகர வட்டாரத்தில் 2022 ஜூலை 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்த எந்தப் பூனையையும், அதை வளர்ப்பவர் இரவும் பகலும் தம் வீட்டு வளாகத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வெளியே அழைத்துச் செல்ல விரும்பினால் வாரில் பூட்டி நடத்திச் செல்லலாம். அந்த நாளுக்கு முன் பிறந்த பூனைகளுக்கு, முழு அடைப்பு அறிவிக்கப்பட்ட புறநகர்களைத் தவிர மற்ற இடங்களில் விலக்கு உண்டு. கான்பராவில் வாழும் நம்மவர் பலர் இதை வேண்டாத கெடுபிடி என்று கருதுகிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. இந்த விதி சரியானது. காலம் தாழ்ந்து வந்தது. விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் மாநிலம் முழுமைக்கும் வர வேண்டியது.

பூனை இந்தக் கண்டத்தின் விலங்கு அன்று. 1788இல் ஐரோப்பியக் குடியேறிகளோடு கப்பலில் வந்திறங்கி, ஏறத்தாழ நூறாண்டுகளில் கண்டத்தின் பெரும்பகுதிக்கும் பரவிவிட்டது. பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த வேட்டை விலங்கு எதையும் அறியாமலே இங்குள்ள பறவைகள் பரிணமித்தன. நம் வீட்டுத் தோட்டங்களில் காணும் ஃபேரி ரென் என்னும் சின்னஞ்சிறு நீலக் குருவி, தரையை ஒட்டிய புதரில் கூடு கட்டுகிறது. புல்தரையில் தத்தித் தத்தி இரை தேடுகிறது. அதைப் பிடிக்கப் பூனைக்கு அதிகத் திறமை தேவையில்லை.

சாரா லெக் தலைமையிலான ஆய்வாளர்கள் நாட்டின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, வெளியே திரிந்து வேட்டையாடும் வளர்ப்புப் பூனை ஒன்று ஆண்டுக்குச் சராசரியாக 186 விலங்குகளைக் கொல்கிறது. அவற்றில் 110 இந்த மண்ணுக்கே உரியவை. அந்த 110இல் 38 பறவைகள். நல்ல உணவு உண்டு, மெத்தையில் உறங்கும் பூனையின் கணக்கு இது.

பொன்னம்பலம்

செங்கால்நாரை அவர்களின் அக்கறையை மதிக்கிறேன்; பறவைகள் மீது எனக்கும் அதே அன்பு உண்டு. ஆயினும் கான்பராவைப் பற்றிப் பேசும்போது கான்பராவிலேயே எடுக்கப்பட்ட கணக்கை விட்டுவிட்டு, நாடு தழுவிய சராசரியைக் கொண்டு வருவது முறையாகாது என்று நினைக்கிறேன்.

டேவிட் பாரட் என்ற ஆய்வாளர் 1990களில் கான்பராவின் வீட்டுப்பூனைகள் கொண்டு வந்து போட்ட இரைகளைப் பன்னிரண்டு மாதங்கள் பதிவு செய்தார். மொத்தம் 1,961 இரைகள். அவற்றில் 64 விழுக்காடு சுண்டெலி, எலி முதலான அயல்நாட்டுப் பாலூட்டிகள். உள்நாட்டுப் பறவைகள் 14 விழுக்காடு மட்டுமே. பத்துப் பூனைகளில் ஏழு, ஆண்டு முழுவதும் பத்து இரைகளைக்கூடக் கொண்டு வரவில்லை. ஐம்பதுக்கு மேல் கொண்டு வந்தவை நூற்றுக்கு ஆறு மட்டுமே. அந்த ஆறு பூனைகளின் செயலுக்காக மற்ற தொண்ணூற்று நான்கையும் வாழ்நாள் முழுவதும் அடைத்து வைப்பதை நீதி என்று எப்படிச் சொல்ல முடியும்?

பெர்த் நகரின் புறநகர்களில் கிரேசன், கால்வர், லிம்பெரி ஆகிய மூவர் செய்த ஆய்வொன்று 2007இல் வெளியானது. ஓரிடத்தில் எத்தனை வகைச் சிறு பறவைகள் வாழ்கின்றன என்பதற்கு, அங்குள்ள பூனைகளின் எண்ணிக்கையைவிட வீடுகளின் நெருக்கமும் அருகிலுள்ள இயற்கைக் காட்டின் தொலைவும்தான் முக்கியக் காரணங்களாகத் தெரிந்தன. புறநகரை விரிவாக்க முதிர்ந்த யூக்கலிப்டஸ் மரங்களை வெட்டும்போது, மரப்பொந்தில் முட்டையிடும் சூப்பர்ப் கிளி தன் கூட்டை இழக்கிறது. அதற்குக் காரணமானவர்கள் மனை பிரித்து விற்பவர்களும் அதற்கு அனுமதி அளிப்பவர்களும். ஆனால் கட்டுப்பாடு வருவதோ பூனை வளர்க்கும் முதியவர் வீட்டுக்கு.

செங்கால்நாரை

ஐயா, பாரட் எண்ணியது பூனைகள் வீட்டுக்குக் கொண்டு வந்த இரைகளை மட்டுமே. பிடித்த இடத்திலேயே தின்றவையும், கொன்று புதரடியில் விட்டுவிட்டவையும் அந்தக் கணக்கில் இல்லை. நான் குறிப்பிட்ட 2020 தொகுப்பின்படி, வளர்ப்பவரின் கண்ணில் படுவது பூனை கொல்வதில் ஏறத்தாழ 15 விழுக்காடு மட்டுமே. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பூனைகளின் கழுத்தில் சிறு கேமரா கட்டிச் செய்த ஆய்விலும், பிடித்த இரையில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வீடு வந்து சேர்ந்தது. ஆகவே ஆண்டுக்கு ஏழு இரைகளைக் கொண்டு வந்த பூனை ஏழு உயிர்களை மட்டுமே கொன்றது என்று கொள்ள இயலாது. ‘என் பூனை எதையும் பிடிப்பதில்லை’ என்று உறுதியாகச் சொல்பவர்களில் பெரும்பாலோர் உண்மையாகவே அவ்வாறு நம்புகிறார்கள். அவர்கள் கண்ணில் பட்டது அவ்வளவுதான்.

பொன்னம்பலம்

அந்தப் பெருக்கலை ஒரு வாதத்துக்காக ஏற்றுக்கொள்கிறேன். அப்போதும் கொல்லப்பட்ட பறவைகளின் எண்ணிக்கை ஒன்று. பறவை இனத்தின் தொகை குறைவது வேறொன்று. ஃபேரி ரென் பல குஞ்சுகளைப் பொரிக்கிறது, அவற்றுள் பெரும்பாலானவை பசியாலும் குளிராலும் குரவாங் போன்ற பறவைகளாலும் முதலாண்டிலேயே மடிந்துவிடுகின்றன. பூனை பிடித்த பறவைகளில் பல உடல் நலிந்தவையாக இருந்தன என்று ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியுள்ளன. எப்படியும் இறந்திருக்கக்கூடிய பறவையைப் பூனை பிடித்தால் இனத்தின் தொகையில் மாற்றம் வராது. பிரிட்டனில் பறவைகளுக்காகவே இயங்கும் ஆர்எஸ்பிபி அமைப்பே, தோட்டங்களில் பூனைகள் பிடிப்பதால் நாட்டின் பறவைத்தொகை குறைகிறது என்பதற்குத் தெளிவான அறிவியல் ஆதாரம் இல்லை என்று சொல்லி வந்திருக்கிறது.

இன்னொன்றையும் கேட்கிறேன். நாய்சி மைனர் என்னும் உள்நாட்டுப் பறவை, கூட்டமாகச் சேர்ந்து சிறு பறவைகளைத் தன் எல்லையிலிருந்து விரட்டியடிக்கிறது. அதன் அடாவடியை 2014இல் நடுவணரசின் சட்டத்தின் கீழேயே முக்கிய அச்சுறுத்தலாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். கீழ்ப்புதரை வெட்டி, புல்தரையும் உயர்ந்த மரமுமாக நாம் அமைக்கும் தோட்டம்தான் அதற்கு ஏற்ற வாழிடம். சிறு பறவைகளைக் காக்க வேண்டுமானால் நம் தோட்டத்தில் அடர்ந்த முட்புதர் நடுவது முதல் வேலையாக இருக்க வேண்டாமா?

இளவேனில்

நான் விலங்கு மருத்துவமனை ஒன்றில் செவிலியாகப் பணிபுரிகிறேன். பறவைகளைப் பற்றி இருவரும் விரிவாகப் பேசிவிட்டீர்கள். பூனையின் நலனைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

வெளியே திரியும் பூனைகளுக்கு நேர்பவை எனக்கு நன்கு தெரியும்: காரில் அடிபட்ட இடுப்பெலும்பு, சண்டையில் ஏற்பட்ட கடிக்காயம் சீழ் வைத்துக் கட்டியாதல், அதே கடியின் வழியே பரவும் எஃப்ஐவி என்னும் நோயெதிர்ப்புக் குறைபாட்டு வைரஸ். குட்டியிலிருந்தே உள்ளே வளர்ந்த பூனைக்கு இவை பெரும்பாலும் வருவதில்லை. ஆனால் எட்டு வயது வரை வெளியே திரிந்து பழகிய பூனையை ஒரே நாளில் கதவடைத்து வைத்தால், மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பை அழற்சி வருவதும், கதவையும் திரைச்சீலையையும் கிழிப்பதும், உடல் பெருத்துப் போவதும் உண்டு. கான்பராவின் விதி பழைய பூனைகளுக்கு விலக்களித்தது இந்த வகையில் அறிவார்ந்த முடிவு என்பது என் கருத்து.

அடைப்புக்கு மாற்று உண்டா என்று பலர் கேட்கிறார்கள். இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில், தானியம் சேராத, இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுத்த பூனைகள் வீட்டுக்குக் கொண்டு வந்த இரை 36 விழுக்காடு குறைந்தது. நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் வரை வேட்டையாடுவது போன்ற விளையாட்டில் ஈடுபடுத்திய பூனைகளிடம் 25 விழுக்காடு குறைந்தது. பளிச்சென்ற வண்ணத் துணிப்பட்டையைக் கழுத்தில் கட்டியபோது, பிடிபட்ட பறவைகள் 42 விழுக்காடு குறைந்தன. மணி கட்டுவதால் அந்த ஆய்வில் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் தெரியவில்லை. இவற்றை நான் பரிந்துரைக்கிறேன். எனினும் 42 விழுக்காடு குறைந்தது என்றால் மீதி 58 விழுக்காடு தொடர்கிறது என்றுதான் பொருள். இவற்றை அடைப்புக்கு ஈடாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கயல்

விதியை ஆதரிப்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வலையடித்த தாழ்வாரமோ கம்பிக் கூண்டோ அமைக்கச் சொல்வது சொந்த வீடு உள்ளவருக்கு எளிது. நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். சுவரில் ஆணி அடிக்கக்கூட உரிமையாளரின் முகவரிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டியிருக்கிறது; வலையடிக்கக் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். கோடையில் வெப்பம் 40 பாகையைத் தொடும் நாளில் ஜன்னலைத் திறந்து வைக்கவும் முடியாமல், பூனையை உள்ளே வைத்துக்கொண்டு குளிரூட்டியை ஓட்டுவதற்கு ஆகும் மின்கட்டணத்தைச் சட்டம் எழுதியவர்கள் நினைத்துப் பார்த்தார்களா? விக்டோரியாவின் பல கவுன்சில்களில் உள்ளதைப் போல, பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை மட்டும் பூனையை உள்ளே வைக்கும் இரவுக் கட்டுப்பாடு போதாதா?

செங்கால்நாரை

கயல், உங்கள் சிரமம் உண்மையானது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். முதலில் இரவுக் கட்டுப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் நடுவழி என்று இதைத்தான் முன்வைக்கிறார்கள்.

பொன்னம்பலம் ஐயா எடுத்துக்காட்டிய அதே பாரட்டின் ஆய்வு, எந்த நேரத்தில் எது பிடிபடுகிறது என்பதையும் பதிவு செய்தது. பாலூட்டிகள் பெரும்பாலும் மாலையிலும் இரவிலும், பறவைகள் காலையில், ஊர்வன பிற்பகலில். இரவில் மட்டும் கதவை மூடினால் எலிகள் தப்பிக்கும், விடிந்ததும் பசியோடு வெளியே விடப்படும் பூனையிடம் பறவைகள் சிக்கும். பறவைகளுக்காகச் சட்டம் செய்வதானால் பகலை விட்டுவிட்டுச் செய்வதில் பொருளில்லை.

பிரிட்டனின் எடுத்துக்காட்டு இங்கே பொருந்தாது. அங்கே வீட்டுப்பூனை வருவதற்கு முன்பே அதன் காட்டு உறவினம் இருந்தது; வீட்டுப்பூனை வந்தும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் ஆகின்றன. பூனையைத் தாங்க முடியாத இனம் எதுவும் அங்கே இருந்திருந்தால் அது எப்போதோ போயிருக்கும். இன்று எஞ்சியிருப்பவற்றை எண்ணிப் பார்த்துவிட்டுப் பாதிப்பில்லை என்று சொல்வது எளிது. இங்கே அந்த இழப்பு நம் கண்முன்னால் நடந்து கொண்டிருக்கிறது.

கான்பராவின் வடக்கே உள்ள மல்லிகன்ஸ் பிளாட் காப்பகத்தைச் சுற்றிப் பூனையும் நரியும் நுழைய முடியாத வேலி 2009இல் அமைக்கப்பட்டது. நம் ஊரில் கண்கிலேடி எனப்படும் பறவைக்கு உறவான ஸ்டோன் கர்லூ, இந்த வட்டாரத்திலிருந்து முற்றிலும் அற்றுப்போன பிறகு, 2014இல் அங்கே மீண்டும் கொண்டு வந்து விடப்பட்டது. அது தரையில் முட்டையிடும் பறவை, ஆயினும் பறக்கக்கூடியது. வேலிக்கு வெளியே பறந்து வந்தால் அது இறங்கும் இடம் நம் வீட்டுப் பின்புறம்தான். காப்பகத்தை ஒட்டிய ஃபோர்டும் பானரும் 2005லேயே முழு அடைப்புப் புறநகர்களாக அறிவிக்கப்பட்டது இந்தக் காரணத்தால்தான். ஐயா, பூனையால் தொகை குறைகிறது என்பது ஐயமற நிறுவப்படும் வரை காத்திருந்தால், நிறுவப்படும் நாளில் காப்பதற்கு எதுவும் இருக்காது.

பொன்னம்பலம்

ஃபோர்டு, பானர் போன்ற காப்பக விளிம்புப் புறநகர்களில் முழு அடைப்பை நான் எதிர்க்கவில்லை. அங்கே அதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. நகரின் நடுவே, நான்கு பக்கமும் தார்ச்சாலையும் அடுக்குமாடியும் சூழ்ந்த தெருவுக்கும் அதே விதி ஏன் என்பதுதான் என் கேள்வி.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். பூனைகளால் ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 37 கோடியே 70 லட்சம் பறவைகள் கொல்லப்படுகின்றன என்று 2017இல் மதிப்பிட்டார்கள். அதில் வளர்ப்புப் பூனைகளின் பங்கு 6 கோடியே 10 லட்சம். ஆறில் ஐந்து பங்கு, வளர்ப்பவர் இல்லாமல் காட்டிலும் ஊர்ப்புறத்திலும் திரியும் பூனைகளால் நேர்வது. அரசிடம் இருக்கும் வரையறுத்த பணத்தையும் ஆட்களையும், என் பேரப்பிள்ளையின் பூனை வேலியைத் தாண்டியதா என்று பார்ப்பதில் செலவிடுவதைவிட, அந்த ஆறில் ஐந்து பங்கில் செலவிடுவதே பறவைகளுக்கு நன்மை தரும்.

செங்கால்நாரை

ஐயா, மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு என்பது சரி. ஆனால் அந்தக் காட்டுப் பரப்பு ஒரு கண்டம். நம் புறநகர்களோ மிகச் சிறிய நிலம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு என்று கணக்கிட்டால், நகர்ப்புறத்தில் வளர்ப்புப் பூனைகள் கொல்வது, இயற்கைக் காட்டில் திரியும் பூனைகள் கொல்வதைப் போல் 28 முதல் 52 மடங்கு என்று அந்த 2020 தொகுப்பு காட்டுகிறது. நகரின் நடுத்தெருவில் வாழும் குருவிக்கு இந்தக் கணக்கே பொருந்தும். தவிரவும், வளர்ப்பவர் இல்லாத பூனைகள் வானத்திலிருந்து வரவில்லை. கருத்தடை செய்யாமல் வெளியே விடப்பட்ட பூனைகளின் வழித்தோன்றல்கள் அவற்றுள் பல. இரண்டு வேலைகளையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

கயல், வலையடிக்க வாடகைதாரருக்கு உரிமை இல்லாத வரை இந்த விதியின் சுமை சமமாக விழாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சுவரைத் துளைக்காமல் பால்கனியின் தளத்துக்கும் கூரைக்கும் இடையே இறுக்கி நிறுத்தும் கம்பங்களில் வலை கட்டலாம், காலி செய்யும்போது கழற்றிக்கொள்ளலாம். ஆயினும் அது தற்காலிக ஏற்பாடுதான். சட்டத்தை எழுதிய அவையே வாடகைச் சட்டத்திலும் இதற்கு இடம் தர வேண்டும்.

கயல்

கம்பங்களைப் பற்றி விசாரிக்கிறேன், நன்றி. எங்கள் பூனை 2023இல் பிறந்தது. விலக்குக்கு இடமில்லை என்பதால் உள்ளேதான் வைத்திருக்கிறோம். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்: வாடகைச் சட்டத்தில் திருத்தம் வரும் வரை, எங்களைப் போன்றவர்களுக்கு முதலில் எச்சரிக்கையும் உதவியும் தரப்பட வேண்டும், அபராதம் அதற்குப் பின்னரே வர வேண்டும்.

பொன்னம்பலம்

கயல் சொல்வதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். நகரின் நடுப்பகுதிக்கும் இவ்விதி தேவையா என்பதில் என் மறுப்பு மாறவில்லை. சதுர கிலோமீட்டர்க் கணக்கு, எத்தனை பறவைகள் கொல்லப்படுகின்றன என்பதைத்தான் காட்டுகிறது. எத்தனை எஞ்சுகின்றன என்பதை அது காட்டவில்லை. அடைப்புப் புறநகர் ஒன்றிலும் அடைப்பில்லாத புறநகர் ஒன்றிலும் ஒரே வகைத் தோட்டங்களைத் தேர்ந்து, ஃபேரி ரென் கூடுகளைப் பல ஆண்டுகள் எண்ணிப் பார்த்து முடிவைப் பொதுவில் வைக்கட்டும். பழைய பூனைகள் முதுமையடைந்து மறையும் முன், ஒப்பிடுவதற்கு இன்னும் இடம் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.