நரிவேட்டை உடை விதிகள் இன்னும் எதற்கு?

வரப்போரம்:
இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் வசிக்கிறேன். நவம்பர் தொடக்கத்தில் நடக்கும் ஓப்பனிங் மீட்டுக்கு (வேட்டைப் பருவத்தின் முதல் கூடல்) ஒருநாள் கட்டணம் கட்டி வரலாம் என்று ஒரு ஹன்ட்டில், அதாவது வேட்டைக் குழுவில், சொன்னார்கள். கூடவே உடைப் பட்டியலும் வந்தது. கருப்பு அல்லது கருநீலக் கோட், கழுத்தில் கட்ட ஸ்டாக் என்ற வெள்ளைத் துணி, அதற்கு ஓர் ஊசி, வெளிர்நிற ப்ரீச்சஸ் (சவாரிக் காற்சட்டை), நீள பூட்ஸ், குதிரையின் பிடரி மயிர் பின்னியிருக்க வேண்டும். நாய்களை விட்டு நரி வேட்டையாடுவதற்கான தடைச் சட்டம் 2005 பிப்ரவரியிலேயே அமலுக்கு வந்துவிட்டது. இப்போது சட்டப்படி நாய்கள் தொடர வேண்டியது, முன்கூட்டியே இழுத்து வைத்த வாசனைத் தடத்தை. நரியே வேண்டாத வேட்டைக்கு எதற்கு விக்டோரியா காலத்து உடை? என்னிடம் நல்ல வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட் இருக்கிறது. புதிதாக வருபவர்களை வாசலிலேயே நிறுத்தத்தான் இந்த விதிகள் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

லாயத்துக்காரி:
நான் மறுக்கிறேன். பல வருடங்களாக ஹன்ட் குதிரைகளைத் தயார் செய்வதுதான் என் பிழைப்பு. அலங்காரம் என்று நீங்கள் நினைப்பதில் பாதி, வேலைக்கு ஆகிற பொருள்.

ஸ்டாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான பருத்தித் துணி, கழுத்தைச் சுற்றிக் கட்டுவது. மழைத் தண்ணீர் கழுத்து வழியாக உள்ளே இறங்காது. வழியில் குதிரையின் காலில் முள்வேலி கிழித்தால் அதுதான் கட்டு, சவாரிக்காரர் விழுந்து கை ஒடிந்தால் கையைத் தாங்கும் தூளியும் அதுதான். ஊசியைக் கிடைமட்டமாகக் குத்துகிறோமே, அதற்கும் காரணம் உண்டு: நெட்டாகக் குத்தினால் விழும்போது தொண்டையில் இறங்கும். சாட்டையின் கொம்புக் கைப்பிடி வளைந்திருப்பது, குதிரையை விட்டு இறங்காமலே வேலிக்கதவைத் திறந்து மூடுவதற்கு. ஈரத்தில் தோல் கையுறை வழுக்கும் என்பதால் நூல் கையுறை ஒரு ஜோடி சேணத்துக்கு அடியில் செருகியிருக்கும்.

வாலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தால் அந்தக் குதிரை உதைக்கும், பச்சை என்றால் கூட்டத்துக்குப் புதிது. பட்டியலில் இது இல்லாவிட்டாலும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

பிடரி பின்னுவது மட்டும் மரியாதைக்கு. அதை ஒளிக்கவில்லை. அடுத்தவர் வயலில் ஐம்பது குதிரைகளை ஓட்டப்போகிறோம். நிலத்துக்காரர் வாசலில் நிற்கும்போது குதிரையும் ஆளும் சுத்தமாக நிற்பது அவருக்குச் செய்யும் மரியாதை. விடியும் முன்பே எழுந்து, பிடரியை நனைத்து, சமமாகப் பிரித்து, இறுக்கிப் பின்னி, மயிரின் நிறத்திலேயே நூல் கோத்துச் சுருட்டித் தைக்க வேண்டும். முந்தின இரவே பின்னிவிட்டால் குதிரை சுவரில் தேய்த்து எல்லாவற்றையும் பிய்த்துவிடும்.

வரப்போரம்:
ஸ்டாக் கட்டுத்துணியாகும், சரி. முதலுதவிப் பை சட்டைப்பையில் அடங்கும் காலம் இது. தலைக்கு வாருங்கள். தாடைக்குக் கீழே கட்டும் நாடாவே இல்லாத வெல்வெட் தொப்பியும் டாப் ஹாட்டும் போட்டு எத்தனை தலைமுறை வேலி தாண்டியிருக்கிறது! அதையும் மரபு என்றுதான் காத்தார்கள். உயிருக்கு ஆபத்தான ஒன்றை உடை விதி இவ்வளவு காலம் தாங்கிப் பிடித்ததென்றால், அந்த விதி யோசித்து வந்ததல்ல, பழக்கத்தில் வந்தது.

தையல்மிஷின்:
தொப்பி விஷயத்தில் வரப்போரம் சொல்வது சரி. இன்று நாடா கட்டிய, பிஏஎஸ் 015 என்ற பாதுகாப்புத் தரம் பெற்ற ஹெல்மெட் இல்லாமல் யாரும் ஏறக்கூடாது. ஆனால் கோட்டைக் குறை சொல்ல விடமாட்டேன். அதைத் தைக்கும் மெல்டன் துணி, உங்கள் பக்கத்து ஊர் மெல்டன் மோப்ரேயின் பெயரைத் தாங்கியது. கம்பளியை நெய்து, நனைத்து அடித்து, இழை தெரியாமல் இறுக்கிய துணி. முள்செடி கிழிக்காது, காற்று புகாது, நனைந்தாலும் சூடு காக்கும். கோட்டின் கீழ்ப்பகுதி தொடையை மூடி விழும்படி வெட்டியிருப்பார்கள். உங்கள் வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட் ஒரு கருமுள் வேலிக்குள் புகுந்தால் அன்றோடு சரி. பழைய கோட் வாங்குங்கள், புதிதை விட மலிவு, உழைப்பும் அதிகம்.

நீலகிரியான்:
துணியின் தரத்தை யாரும் மறுக்கவில்லை. அந்தஸ்தைப் பற்றி ஏன் பேசமாட்டேன் என்கிறீர்கள்? ஹன்ட்டின் தலைவரான மாஸ்டரின் கோட்டில் நான்கு பொத்தான், ஹன்ட் ஊழியர்களுக்கு ஐந்து, மற்ற ஆண்களுக்கு மூன்று. ஹன்ட்டின் சின்னம் பொறித்த பொத்தானை மாஸ்டர் கொடுத்தால்தான் தைத்துக்கொள்ளலாம். சிவப்புக் கோட்டும் அப்படியே, அதுவும் மரபுப்படி ஆண்களுக்கு. இதில் எந்தப் பொத்தான் மழையைத் தடுக்கிறது?

எங்கள் ஊட்டியில் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் வெள்ளைக்கார அதிகாரிகள் இதே வேட்டையை நடத்தினார்கள். இங்கிலாந்தின் செந்நரி அங்கே கிடையாது, நம்மூர் நரியைத் துரத்தினார்கள். நரி மாறியது, நாடு மாறியது, சிவப்புக் கோட் மட்டும் மாறவில்லை. அந்தப் புல்வெளி தோடர்களின் எருமைகள் மேய்ந்த இடம். அங்கே அந்தக் கோட் யார் அதிகாரி என்பதைத்தான் சொன்னது.

லாயத்துக்காரி:
பொத்தான் அடையாளத்துக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் மூடுபனியில் ஒரு வயலுக்கு அப்பால் நாய்களை நடத்தும் ஹன்ட்ஸ்மன் எங்கே என்று சிவப்பைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறோம். எல்லா இடத்திலும் சிவப்பும் இல்லை. போஃபர்ட் ஹன்ட்டில் ஊழியர்களுக்குப் பச்சை, பெர்க்லி ஹன்ட்டில் மஞ்சள். சீசனுக்கு முந்தைய இலையுதிர்கால நாட்களில் எல்லோருக்கும் ட்வீட் கோட்தான், அப்போது பிடரி பின்னவும் வேண்டாம்.

நீலகிரியான்:
அடையாளத்துக்கு என்றால் ஒளிரும் மேலாடை போதும் அக்கா. சாலையில் குதிரை ஓட்டுபவர்கள் அதைத்தானே போடுகிறார்கள்?

புதர்நிழல்:
நீங்கள் எல்லோரும் கோட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு இந்த உடையே சங்கடம். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் சிவப்புக் கோட், பளபளக்கும் குதிரை, பனி படர்ந்த ஊர்ச் சதுக்கம் என்று அழகாக வரைந்து வரைந்து, கடைசியில் நாய்கள் ஒரு நரியைப் பிய்த்துப் போடுவதை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டார்கள். தடம் தொடர்வதாகச் சொல்லிக்கொண்டு நரியைக் கொல்ல விடுவதாகப் புகார்கள் நிற்கவில்லை. 2024 தேர்தல் அறிக்கையில் லேபர் கட்சி அந்தத் தட வேட்டையையும் தடை செய்வதாகச் சொன்னது அதனால்தான். உடையைக் கழற்றினால் வேட்டை என்னவென்று தெரியும்.

தையல்மிஷின்:
நாய்கள் தப்புச் செய்தால் நாய்களை நடத்துபவரைக் கேளுங்கள், சட்டம் இருக்கிறது. துணி என்ன செய்தது? இதே கோட்டைப் போட்டு குதிரை ஷோவுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

புதர்நிழல்:
நடத்துபவரைக் கேட்கத்தான் கேட்கிறேன். அவர் அந்தக் கோட்டில் நிற்பதால்தான் பாதிப் பேர் கேட்கத் தயங்குகிறார்கள்.

வரப்போரம்:
நான் விலா எலும்புக்குப் பாதுகாப்பு உடை அணியாமல் வேலி தாண்டமாட்டேன். அது கோட்டுக்குள் அடங்காது. அப்போது விதியை யார் தளர்த்துவது?

லாயத்துக்காரி:
ஒரு சைஸ் பெரிய கோட் வாங்கி உள்ளே போடுங்கள் தம்பி, நிறையப் பேர் அப்படித்தான் வருகிறார்கள். அது முடியாவிட்டால் செயலாளருக்கு முன்கூட்டியே எழுதுங்கள். பாதுகாப்பு உடையைக் காரணம் காட்டி யாரையும் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. பொத்தான் சாதாரணக் கருப்பில் இருக்கட்டும். குதிரைக்கு மட்டும் குறை வைக்காதீர்கள்: வயிற்றுவாரின் தையல், அங்கவடி வார், கடிவாளத்தின் ஒவ்வொரு கொக்கி, எல்லாவற்றையும் முந்தின நாளே கழற்றித் துடைத்துப் பாருங்கள். உங்கள் ஜாக்கெட் நிறத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நான் பார்ப்பது அதைத்தான்.

வரப்போரம்:
சேணம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், பிடரியும் பின்னுவேன். கோட் வாங்கமாட்டேன். ஜாக்கெட் கருநீலம்தான், அதிலேயே வரலாமா என்று செயலாளருக்கு இன்றே எழுதுகிறேன். முடியாது என்றால் அந்தக் கட்டணத்தை வேறு சவாரிக்குக் கட்டிக்கொள்கிறேன்.