வெளி லைட், லிஃப்ட் கிட், பெரிய டயர்: உங்கள் வாரண்டி எங்கே போய் நின்றது?

கோத்தகிரிக்காரன்:

புது ஃபோர்-பை-ஃபோர் (நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி) எடுத்தவர்கள் எல்லோரும் இரண்டு பேச்சைக் கேட்டிருப்பீர்கள். "வெளியில் எதைப் போட்டாலும் வாரண்டி மொத்தமாகப் போயிடும் சார்" என்பது ஷோரூம். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், எத்தனை வண்டிக்குப் போட்டிருக்கோம்" என்பது ஆக்சஸரி கடை. இரண்டுமே வியாபாரப் பேச்சு. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

எங்கள் தோட்டத்துப் பாதையில் பனி இறங்கினால் பத்தடி தெரியாது. அதனால் பம்பரில் ஒரு ஜோடி மஞ்சள் லைட் போட்டேன். கொஞ்ச நாளில் வைப்பர் மோட்டார் செத்துப்போனது. சர்வீஸ் அட்வைசர் பானட்டைத் திறந்தார், லைட் வயரைப் பார்த்தார், "எலெக்ட்ரிக்கல் வாரண்டி கிடையாது" என்று மூடிவிட்டார். நான் சண்டை போடவில்லை. "சரிங்க, என்ன காரணத்தால் கிடையாது என்று ஜாப் கார்டில் எழுதிக் கொடுங்கள்" என்றேன். எழுத மாட்டேன் என்றார். ஒர்க்ஸ் மேனேஜருக்கு மெயில் போட்டேன், லைட் மாட்டியபோது எடுத்த போட்டோக்களோடு. பேட்டரியிலிருந்து தனி வயர், தனி ஃபியூஸ், தனி ரிலே (லைட்டுக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்னப் பெட்டி), சுவிட்சுக்குக்கூட கம்பெனி வயரிங்கில் ஒரு இடத்திலும் வெட்டு இல்லை. கம்பெனியின் ஏரியா இன்ஜினியர் வந்தபோது மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். வைப்பருக்கும் லைட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று மோட்டாரை மாற்றிக் கொடுத்தார்கள்.

அந்த போட்டோக்கள் இல்லாவிட்டால் கதை வேறாகப் போயிருக்கும்.

போடி ஏலக்காய்:

அண்ணா, எங்கள் கதையில் கம்பெனி சொன்னதுதான் சரி. சித்தப்பா பையன் வண்டி, முன்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன், அதாவது இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். ஸ்பிரிங்கோடு ஸ்பேசர் என்ற கட்டை வைத்து வண்டியை இரண்டு அங்குலம் தூக்கினான், இதுதான் லிஃப்ட். இந்த மாதிரி வண்டியில் தூக்கினால் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் கியர் பெட்டி) பாடியோடு இருந்த இடத்திலேயே இருக்கும், சக்கரம் மட்டும் கீழே போகும். நடுவில் உள்ள ஆக்சில் ஷாஃப்ட் சாய்ந்தபடி சுற்ற வேண்டிவரும். ஷாஃப்ட் முனையில் வளைந்து சுற்றும் சி.வி. ஜாயின்ட்டின் ரப்பர் பூட் (உறை) மடிப்பு ஒன்றோடொன்று உரசி உரசிக் கிழிந்தது. கிரீஸ் வெளியே, மண் உள்ளே. திருப்பும்போது டக்டக் சத்தம் கேட்ட பிறகுதான் கவனித்தான். ஷாஃப்ட்டுக்கு வாரண்டி மறுத்துவிட்டார்கள். இதில் என்ன வாதாட முடியும்? காரணம் கண்ணுக்கு முன்னால் தொங்குகிறது.

ஆனால் அதே சர்வீஸில் அதே வண்டியின் டச் ஸ்கிரீன் அணைந்து அணைந்து எரிகிறது என்று சொன்னோம். ஒரு கேள்வியும் இல்லாமல் புதுசு மாட்டினார்கள். வாரண்டி 'மொத்தமாக' எல்லாம் போகவில்லை. தூக்கியதால் பாதிக்கப்படக்கூடிய பாகங்களுக்கு மட்டும் போனது.

ஓசூர் ஜிம்னி:

டயர்தான் எல்லோரும் முதலில் மாற்றுவது, அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மாருதி ஜிம்னிக்கு வருவது 195/80 ஆர்15 (அகலம் மில்லிமீட்டரில், பக்கச்சுவர் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம், ரிம் அங்குலத்தில்), விட்டம் சுமார் 693 மில்லிமீட்டர். 215/75 ஆர்15 போட்டால் சுமார் 704. வித்தியாசம் ஒன்றரை சதவீதம், வண்டிக்கு அது தெரியவே தெரியாது. 235/75 ஆர்15 ஆசைப்பட்டால் சுமார் 734, அதாவது கிட்டத்தட்ட ஆறு சதவீதம் பெரிது. மீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 106-இல் போகிறீர்கள். ஓடோமீட்டரும் குறைவாகத்தான் ஓடும், ஆயில் மாற்றும் கிலோமீட்டரும் தள்ளிப்போகும். (வாரண்டி கிலோமீட்டரும் மெதுவாகத் தீரும் என்று ஒரு நண்பர் சந்தோஷப்பட்டார். பெரிய டயரைச் சுற்றும் பாரத்தில் தேயும் கிளட்ச் அந்தச் சந்தோஷத்தைத் தின்றுவிடும்.)

நான் 215-ஓடு நின்றேன், ரிம் கம்பெனி ரிம்மேதான். அகலமான ரிம் போட்டு சக்கரம் வெளியே தள்ளினால் வீல் பேரிங்கில் பாரம் விழும் இடம் மாறிவிடும். அப்புறம் பேரிங் ஊளையிட்டால் யாரைக் கேட்பது? ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் ஒரே அளவில் வாங்கினேன். ஃபோர் வீலில் ஒரு சக்கரம் மட்டும் வேறு அளவு என்றால் முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு அடி.

முன்னாள் சர்வீஸ் அட்வைசர், சேலம்:

சர்வீஸ் சென்டர் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். பெயர், கம்பெனி வேண்டாம்.

வாரண்டி கொடுப்பது டீலர் இல்லை. டீலர் பாகத்தை மாற்றிவிட்டு, போட்டோ, ஸ்கேன் ரிப்போர்ட், சில சமயம் பழைய பாகத்தையும் அனுப்பி கம்பெனியிடம் பணம் கேட்பார். கம்பெனி ரிஜெக்ட் செய்தால் நஷ்டம் டீலருக்கு, திட்டு அட்வைசருக்கு. போட்டோவில் ஒரு வெட்டிய வயர் தெரிந்தாலே கம்பெனியில் ஒருவர் கேள்வி கேட்பார். அதனால்தான் கவுன்டரிலேயே "முடியாது" என்று வருகிறது. கோபப்படாமல் மேலே கொண்டுபோங்கள். கோத்தகிரி நண்பர் செய்தது சரியான வழி.

ரீமேப் (பவருக்காக இன்ஜின் கம்ப்யூட்டரின் ஃபைலை மாற்றி எழுதுவது) பற்றி ஒரு மூடநம்பிக்கை சுற்றுகிறது: சர்வீஸுக்கு விடும் முன் பழைய ஃபைலை ஏற்றிவிட்டால் தெரியாது என்று. அந்தக் கம்ப்யூட்டர்தான் ஈ.சி.யூ., பல ஈ.சி.யூ.க்களில் எத்தனை தடவை ஃபைல் எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை உள்ளேயே இருக்கும். கம்பெனி கணக்கில் ஒன்று, உங்கள் வண்டியில் மூன்று என்றால் யார் எழுதியது? டர்போ போனாலும், கிளட்ச் போனாலும், கியர்பாக்ஸ் போனாலும் அந்த எண்தான் முதலில் நிற்கும். இன்ஜின், டிரைவ்லைன் வாரண்டி வேண்டும் என்றால் அது முடியும்வரை ரீமேப்பைத் தொடாதீர்கள். பவருக்காக சென்சாருக்கும் ஈ.சி.யூ.வுக்கும் நடுவில் மாட்டும் டியூனிங் பாக்ஸும் அப்படித்தான். கழற்றி வைத்தாலும் ஈ.சி.யூ.வின் பழைய பதிவில் டர்போ அழுத்த அளவு பேசலாம்.

இன்னொன்று, இதற்கும் மாடிஃபிகேஷனுக்கும் சம்பந்தமே இல்லை. ஓடை தாண்டி வந்து டிஃபரன்ஷியல் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் 'தண்ணீர் புகுந்தது' என்று எழுதிவிடுவார்கள். ஒரு ஸ்க்ரூகூட மாற்றாத வண்டிக்கும்தான். ஆழமான தண்ணீரில் இறங்கினால் வந்ததும் ஆயிலைப் பாருங்கள். டிஃபரன்ஷியல் மூச்சுவிடும் பிரீத்தர் குழாயை உயரத்துக்கு இழுத்து விடுவது சின்னச் செலவு.

வாரண்டி புத்தகத்தில் ரேஸ், ராலி போன்ற போட்டி ஓட்டத்துக்கு வாரண்டி இல்லை என்ற வரி ஏறக்குறைய எல்லா கம்பெனியிலும் இருக்கும். போட்டி நம்பர் ஒட்டிய வண்டி வீடியோவைப் போட்டுவிட்டு மறுவாரம் ஷாக் அப்சார்பர் கிளெய்முக்கு வருவார்கள். சர்வீஸ்காரர்களும் இன்ஸ்டாகிராம் பார்ப்பார்கள்.

சென்னை வக்கீல்:

வாரண்டி ஒன்று, சட்டம் வேறு, இன்ஷூரன்ஸ் வேறு. இதைக் கலக்காதீர்கள்.

கம்பெனியோடு வாதாட ஒரு பிடி இருக்கிறது. 2014 ஆகஸ்டில், வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரிபாகத்தையும் சர்வீஸையும் தங்கள் கைக்குள் வைத்திருந்ததற்காக. வெளியில் ரிப்பேர் பார்த்தால் வாரண்டி முழுவதும் ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது, வெளி வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்று அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின, அதனால் அதை வேதவாக்காக நீட்ட வேண்டாம். தவிர, அது ரிப்பேர் பற்றியது, லிஃப்ட் கிட் பற்றியது இல்லை. ஆனாலும் 'எந்தச் சேதம், எந்தக் காரணம்' என்ற கேள்விக்கு நல்ல துணை. பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

இப்போது கசப்பான பகுதி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி குறித்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கம்பியான புல் பார் வேண்டாம் என்று மத்திய அரசு 2017-லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. முன்னால் ஸ்பாட் லைட் பொருத்த ஆர்.டி.ஓ.வின் முன் அனுமதி வேண்டும், மத்திய விதி 111. ஷோரூமிலேயே மாட்டிக் கொடுத்தார்கள் என்பதற்காக போலீஸ் விடமாட்டார்.

இன்ஷூரன்ஸில் ஆக்சஸரியைச் சொல்லிப் பாலிசியில் ஏற்றுங்கள். எலெக்ட்ரிக்கல் சாமானுக்கு அதன் மதிப்பில் 4 சதவீதம் பிரீமியம் என்பது எல்லா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரே கட்டணப் பட்டியல் இருந்த பழைய டாரிஃப் காலத்துக் கணக்கு. விஞ்சும் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டார்) லைட்டும் வாங்கிய விலையைப் பார்த்தால் அது பெரிய தொகை இல்லை.

ஹூஸ்டன் ராங்ளர்:

இங்கே அமெரிக்காவில் இதற்கென்றே 1975-லிருந்து மேக்னுசன்-மாஸ் சட்டம் இருக்கிறது. எங்கள் பாகத்தையே போட்டால்தான் வாரண்டி என்று கம்பெனி கட்டாயப்படுத்த முடியாது, வெளி பாகத்தால்தான் பழுது வந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் இங்கேயும் டீலருக்கு டீலர் வேறுபடுகிறது. வெளி ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் போட்ட என் ஜீப்பில் ஏசி கம்ப்ரஸர் போனபோது ஒரு டீலர் முகம் சுளித்தார். இன்னொரு ஊர் டீலர் ஒரு வார்த்தை பேசாமல் மாற்றினார். இங்கே எல்லோரும் செய்வது இதுதான்: வாங்கும் முன்பே "நீங்கள் லிஃப்ட் போட்ட வண்டிக்கு வாரண்டி வேலை பார்ப்பீர்களா?" என்று சர்வீஸ் மேனேஜரிடம் மெயிலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்வது.

கோத்தகிரிக்காரன்:

வக்கீல் சார், ரொம்ப நன்றி. அந்த விதி 111 விஷயத்துக்காக நாளைக்கே ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகிறேன். அதுவரை லைட்டுக்கு உறை மாட்டியாகிவிட்டது. அடுத்து விஞ்ச் யோசனை. முழு இழுப்பில் 400 ஆம்பியர் பக்கம் கேட்கும் என்கிறார்கள், கம்பெனி பேட்டரியே தாங்குமா?

போடி ஏலக்காய்:

தாங்கும், இன்ஜினை ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி இழுத்தால். ஆனால் விஞ்சும் இரும்பு பம்பரும் சேர்ந்தால் மூக்கில் ஓர் ஆள் பாரத்துக்கு மேல் ஏறும், ஸ்பிரிங் அமுங்கும், அதற்காக லிஃப்ட், லிஃப்டுக்காக ஷாஃப்ட் என்று வரிசையாகப் போகும். வாரண்டி இருக்கிறவரை ஒரு நல்ல ரிகவரி கயிறும் இரண்டு ஷாக்கிளும் (கயிறு மாட்டும் இரும்பு வளையம்) வாங்கி வையுங்கள் அண்ணா. தோட்டத்தில் டிராக்டர் இருக்கிறது இல்லையா?