ஒரு பேஸ்பால் ஆட்டத்தில் 12 இன்னிங்ஸ் எதிரணியில் ஒருவரும் முதல் பேஸைத் தொடவில்லை. அது பெர்ஃபெக்ட் கேம் இல்லையா?

இடதுகை:
1959 மே 26, மில்வாக்கி கவுன்ட்டி ஸ்டேடியம். பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் ஹார்வி ஹாடிக்ஸ் ஃப்ளூ காய்ச்சலோடு வந்து பந்தெறிந்தார். வரிசையாக 36 பேட்டர்கள் அவுட். ஹிட் (பேட்டர் அடித்து பேஸை எட்டுவது) இல்லை, வாக் (நான்கு தவறான பந்துகளால் பேட்டருக்குக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) இல்லை. 13ஆவது இன்னிங்ஸில் மில்வாக்கி பிரேவ்ஸிடம் 1-0 என்று தோற்றார். 1991இல் மேஜர் லீக் குழு ஒன்று, குறைந்தது ஒன்பது இன்னிங்ஸ் எறிந்து, ஆட்டம் முடியும்வரை ஹிட் கொடுக்காதிருந்தால்தான் நோ-ஹிட்டர் என்று வரையறுத்து அவரைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டது. மற்றவர்கள் வழக்கமான ஒன்பது இன்னிங்ஸோடு பட்டம் வாங்கிப் போகிறார்கள். இவர் மூன்று இன்னிங்ஸ் கூடுதலாக எறிந்ததற்குத் தண்டனையா?

கணக்குப்பிள்ளை:
ஹாடிக்ஸைக் குறிவைத்து யாரும் எதுவும் செய்யவில்லை. அன்று 50 ஆட்டங்கள் பட்டியலை விட்டுப் போயின. ஒன்பது இன்னிங்ஸுக்கு முன்பே மழையில் நின்றுபோன ஆட்டங்களும் அதில் உண்டு. பெர்ஃபெக்ட் கேம் என்றால் அந்த ஆட்டத்தில் எதிரணியில் ஒருவர்கூட பேஸுக்கு வந்திருக்கக் கூடாது. 13இல் பிரேவ்ஸின் ஃபீலிக்ஸ் மன்டிலா வந்தாரே!

இடதுகை:
எப்படி வந்தார்? மூன்றாம் பேஸில் ஃபீல்டராக நின்ற பைரேட்ஸின் டான் ஹோக் தப்பாக எறிந்ததால். அதற்கு ஹாடிக்ஸ் என்ன செய்வார்?

கணக்குப்பிள்ளை:
ஃபீல்டரின் பிழையால் பெர்ஃபெக்ட் கேம் போனது இவருக்கு மட்டுமா? விதி எல்லாருக்கும் ஒன்றுதான். அப்புறம் எடி மாத்யூஸ் பன்ட் வைத்து (பந்தை மெல்லத் தட்டி) மன்டிலாவை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினார், ஹாங்க் ஆரனை வேண்டுமென்றே வாக்கில் அனுப்பினார்கள், ஜோ ஆட்காக் பந்தை வேலிக்கு மேலே தூக்கி அடித்தார். அந்த அடியையும் ஹோக் கணக்கில் எழுதுவீர்களா?

பழைய ஸ்கோர்கார்டு:
இரண்டு பேரும் எதிர்ப்பக்கத்து பிட்ச்சரை, அதாவது பந்தெறிந்தவரை, பார்க்கவே இல்லை. பிரேவ்ஸின் லூ பர்டெட் 13 இன்னிங்ஸில் 12 ஹிட் கொடுத்தார், ரன் பூஜ்யம். ஹாடிக்ஸ் 12⅔ இன்னிங்ஸில் 1 ஹிட், 8 ஸ்ட்ரைக்அவுட். விட்ட ஒரே ரன்னும் எரரால் (ஃபீல்டர் பிழையால்) வந்ததால் அவருடைய இ.ஆர்.ஏ.வில் (பிட்ச்சர் தன் பொறுப்பில் விட்ட ரன்களின் சராசரியில்) ஏறாது. வெற்றி பர்டெட்டுக்கு, தோல்வி ஹாடிக்ஸுக்கு! பிட்ச்சரை வெற்றி-தோல்வி எண்ணிக்கையால் அளப்பவர்களிடம் நான் நீட்டும் ஸ்கோர்கார்டு இதுதான். கோபம் வந்தால் பைரேட்ஸ் பேட்டர்கள்மேல் காட்டுங்கள். மூன்றாவது இன்னிங்ஸில் மூன்று ஹிட், ஒரு ரன் இல்லை. ரோமன் மெஹியாஸ் அவசரப்பட்டு மூன்றாம் பேஸுக்கு ஓடி அவுட்டானார். அணியின் நட்சத்திர பேட்டர் ராபர்ட்டோ கிளெமென்டே அன்று ஆடவும் இல்லை.

கணக்குப்பிள்ளை:
பர்டெட்டை அதிர்ஷ்டக்காரர் ஆக்காதீர்கள். 13 இன்னிங்ஸில் ஒரு வாக் கூட இல்லை. ஹிட்டைக் கொடுத்துவிட்டு ரன்னைக் கொடுக்காமலிருப்பதும் வேலைதானே.

இடதுகை:
பிரேவ்ஸ் சிக்னல் திருடியதை மறந்துவிட்டீர்களே. புல்பென்னில் (மாற்று பிட்ச்சர்கள் காத்திருக்கும் இடத்தில்) பைனாகுலர் வைத்து, என்ன பந்து எறிய வேண்டும் என்று கேட்சர் காட்டும் விரலைப் பார்த்து, துண்டால் சைகை கொடுத்ததை அந்த அணியின் பாப் பூலே பிற்பாடு சொன்னார். என்ன பந்து வரும் என்று தெரிந்தும் 12 இன்னிங்ஸ் ஒன்றும் செய்ய முடியவில்லை!

பழைய ஸ்கோர்கார்டு:
முடிவும் குளறுபடிதான். ஆட்காக் அடித்தது வேலியைத் தாண்டியதை ஆரன் கவனிக்கவில்லை. இரண்டாம் பேஸைத் தொட்டுவிட்டு டக்அவுட் (அணி உட்காரும் இடம்) பக்கம் நடந்துவிட்டார். ஆட்காக் அவரைத் தாண்டி ஓடியதால் ஆட்காக் அவுட். 3-0 ஆக வேண்டியது லீக் தலைவர் தீர்ப்பில் 1-0 ஆனது, ஹோம் ரன் டபுள் (இரண்டு பேஸ் அடி) ஆனது.

கணக்குப்பிள்ளை:
சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஆட்டத்தின் முதல் பந்திலிருந்து வரிசையாக 36 பேரை அவுட்டாக்கியவர் வேறு யாரும் இல்லை. அந்தச் சாதனையை 1991 குழு தொடவில்லை.

இடதுகை:
அப்படியென்றால் பட்டத்தையும் கொடுத்துவிடலாமே?

கணக்குப்பிள்ளை:
முடியாது. 13ஆவது இன்னிங்ஸும் நடந்ததே.