புதுப்பிப்பு: அந்தப் பழைய கோர் 2 டுவோ கணினி இப்போது செய்யும் வேலை

4 ஜிபி ரேம் உள்ள பழைய டெஸ்க்டாப்பைப் பழைய இரும்புக்குப் போடுவதா, வேறு எதற்காவது வைத்துக்கொள்வதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, 11க்கு இந்தப் பெட்டி தகுதியில்லை, அதனால் ஓர் அண்ணன் சொன்னபடி விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாட்டினேன். வேகம் கூடியது அதனால்தான். தேதி பின்னால் போய் இணையத்தளங்கள் சான்றிதழ் பிழை காட்டின, மதர்போர்டில் கடிகாரத்தை ஓடவைக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றியதும் சரியாகிவிட்டது.

நாள் முழுக்க சர்வராக, அதாவது மற்றக் கணினிகளுக்குக் கோப்பு தரும் பெட்டியாக, ஓடவிடும் யோசனை வேண்டாம். 60 வாட் இழுத்தாலே மாதம் 43 யூனிட் மின்சாரம்!

இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள வீட்டில் ஸ்கேனரோடு இருக்கிறது. விண்டோஸில் டிரைவர் கிடைக்காத அந்தப் பழைய ஸ்கேனர் லினக்ஸில் ஓடுகிறது. பால் மரக்காடு (ரப்பர் தோட்டம்), லயத்து வீடு (தொழிலாளர் வரிசை வீடு), கோயில் திருவிழா என்று தோட்டத்துப் படங்களைப் பாட்டிமார் ஆல்பத்தோடு கொண்டு வருகிறார்கள், 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்து, அவர்கள் சொல்லச் சொல்ல யார் யார் என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுகிறேன். தோட்டத்தை விட்டு ஆளுக்கொரு பக்கம் போன பிறகு அந்த முகங்களுக்குப் பெயர் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அதுதான் என் கவலை. காப்புப் பிரதி ஒன்று ஈப்போவில் தங்கை வீட்டில் இருக்கிறது.

அப்புறம், சில நெகட்டிவ் சுருள்களும் வந்திருக்கின்றன. மேலிருந்தும் ஒளி பாய்ச்சும் ஸ்கேனர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், சில நாள் இரவல் போதும்.